மூன்று முறை கூப்பிட்டாள்

சிதாலா, மலாவி
9 மார்ச் 2011

அன்புள்ள வகேஷோ அக்காவுக்கு,

தம்பி முவாக்கியோ எழுதுகிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். போன மாதம் வந்த மலேரியா விட்டுவிட்டது. வாய்க்கசப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

நீ அனுப்பிய தேயிலையும் டீ மசாலாவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தபாலாபீஸ்காரர் பொட்டலத்தை மூக்கருகே வைத்து நன்றாக மோந்துவிட்டு, "இது என்ன மருந்து அபூசா?" என்று கேட்டார். (இங்கே போதகரை அபூசா என்பார்கள். நம் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு வாசி.) எங்கள் கென்யா டீ என்றேன். அவர் நம்பவில்லை. இருமலுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சபைச் செய்தி சொல்ல வேண்டுமானால், பாடகர் குழுவில் சீருடைச் சண்டை. பெண்கள் நீலம் என்கிறார்கள், ஆண்கள் பச்சை என்கிறார்கள். நான் நடுவில் புகுந்து வெள்ளை என்றேன். அதுவரை அடித்துக்கொண்டிருந்த இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் பாய்ந்தன. "வெள்ளைன்னா துவைக்கிறது யாரு, நீங்களா?" என்று எஸ்நாத் கேட்டாள். எஸ்நாத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். குழுவில் முதல் குரல் அவளுடையது. புருஷன் தென்னாப்பிரிக்காவில் சுரங்க வேலை பார்க்கிறான். அவள் வாய்க்கு ஊரில் எல்லாரும் பயப்படுவார்கள், நான் உட்பட.

அந்த எஸ்நாத்துக்குத்தான் பெரிய துக்கம் வந்துவிட்டது, அக்கா. போன சனிக்கிழமை அவளுடைய சின்ன மகள் தியாமிகே இறந்துபோனாள். மலேரியா மூளைக்கு ஏறி, காலையில் வலிப்பு வந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் பதினான்கு கிலோமீட்டர். நான் அன்று ஆற்றுக்கு அக்கரையில் வீடு சந்திப்புக்குப் போயிருந்தேன். அதனால் என் கார் இங்கே நின்றும், ஓட்ட ஆளில்லாமல் உதவவில்லை. வாடகைச் சைக்கிள் ஓட்டுகிற லைசன்தான் தாயையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவன் வழியில் நின்று நேரத்தைப் போக்கிவிட்டான் என்று ஊரில் பேச்சு.

மூன்று நாள் துக்க வீட்டு வாசலில் ஆண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். இங்கே பேசி ஆறுதல் சொல்கிற வழக்கம் இல்லை, கூட உட்கார வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் எஸ்நாத் எல்லார் முன்னாலும், "அபூசா எங்களோட மண்ணுல உட்கார்ந்தாரு, அவர் இனிமே வெளியூர்க்காரர் இல்ல" என்றாள். ஏழு வருட ஊழியத்தில் இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டுமா? நம் பெண்கள் ஐக்கியத்தாரிடம் இதைக் கட்டாயம் சொல். அவர்களுடைய ஜெபம்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

ஆண்டவருடைய திராட்சத் தோட்டத்தில் உழைக்கும் உன் தம்பி,
முவாக்கியோ

---

சிதாலா
12 மே 2011

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் போடாததற்கு வேலை காரணமில்லை. மழை நின்று அறுவடை நடக்கிறது, எல்லாரும் சோளக் காட்டில் இருக்கிறார்கள், எனக்குத்தான் வேலையே இல்லை. ஆறு முறை எழுத உட்கார்ந்து ஆறு முறையும் தாளைக் கிழித்தேன்.

என் போன கடிதத்தைச் சபையில் வாசித்தபோது பெண்கள் அழுதார்கள் என்றும், அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று மேய்ப்பன் என்றால் இவனல்லவோ மேய்ப்பன் என்று சாட்சி சொன்னாள் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா, நான் உனக்குப் பொய் எழுதினேன். அன்று காலை நான் அக்கரைக்குப் போகவில்லை. வீட்டுக்குள்தான் இருந்தேன்.

எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கும். அதனால் நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

அந்த வாரம் முழுக்க யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். திங்கட்கிழமை வண்டி கேட்டு, செவ்வாய்க்கிழமை உர மூட்டை ஏற்ற, புதன்கிழமை இரண்டு பங்காளிகள் சண்டைக்குத் தீர்ப்புக் கேட்டு. எல்லாருக்கும் சிரித்த முகம் காட்டிக் காட்டி எனக்குத் தாடை வலித்தது. சனிக்கிழமை ஒருநாள் காலையாவது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். டவுனிலிருந்து கோதுமை மாவு வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். ஒளித்து என்றுதான் சொல்ல வேண்டும், பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஏழு வருடமாகக் காலையும் மாலையும் சோளக்களி தின்கிறவனுக்குச் சப்பாத்தி எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாததா? கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, நம் அம்மா செய்கிற மாதிரி எண்ணெய் தடவி மடித்து மடித்து ஆறு சப்பாத்தி சுட்டேன். நீ அனுப்பிய தேயிலையில் டீ போட்டேன். ஒன்பது மணி இருக்கும். இரண்டாவது சப்பாத்தி வாயில் இருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

நம் ஊரில் வாசலில் நின்று "ஹோடி" என்போம், பதில் வருவதற்குள் பாதி உடம்பு வீட்டுக்குள் வந்திருக்கும். இங்கே அதையே "ஓடீ" என்பார்கள். ஆனால் பதில் வராமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முற்றத்தின் ஓரத்திலேயே நின்று மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம், திரும்பிவிடுவார்கள். வந்த புதிதில் இந்த மரியாதையைப் பற்றி உனக்குப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதினேன். அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

முதல் "ஓடீ" கேட்டதுமே அது எஸ்நாத் என்று தெரிந்துவிட்டது. சீருடைச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதோடு, சாப்பிடும்போது வந்தவர்களை வா, கை கழுவு என்று சொல்லாமல் இருக்க இங்கே முடியாது. ஆறு சப்பாத்தி இருந்தது, அக்கா. ஆறு! மெல்லுகிற சத்தம் வெளியே கேட்குமோ என்று மெல்லுவதை நிறுத்திவிட்டேன். இரண்டாவது முறை கூப்பிட்டாள். கூடவே குழந்தை முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், இனி இரண்டு சப்பாத்தி போய்விடும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக இதைத்தான் நினைத்தேன். மூன்றாவது முறை குரல் உடைந்திருந்தது. அது எனக்குக் கேட்டது. கேட்டும் வாயில் உருண்டையை வைத்துக்கொண்டு, அடுப்படியில், திருடன் மாதிரி நின்றேன்.

காலடிச் சத்தம் போய்விட்டது. நான் விழுங்கிவிட்டு டீயை ஊற்றிக் குடித்தேன். மிச்சத்தையும் தின்றேன். கோயில் கொட்டகையில் என் வண்டி டீசலோடு நின்றுகொண்டிருந்தது.

மதியம் அழுகைச் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். வாசலில் எஸ்நாத் என்னைப் பார்த்ததும், "ஐயோ அபூசா, இன்னிக்குன்னு பார்த்து வீட்ல இல்லாம போயிட்டீங்களே! நீங்க இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்கும்" என்று கதறினாள். எங்கே போயிருந்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் இங்குள்ள சபை மூப்பர், "சனிக்கிழமைன்னா அக்கரைக்குப் போவாருல்ல" என்றார். நான் தலையை ஆட்டினேன். இல்லை, வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை நான் விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அது கனத்துக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். இந்த மொழியில் ஒரு சொல் இருக்கிறது, "பெபானி". நம் சுவாஹிலியில் அடுத்தவர் துக்கத்துக்கு "போலே" என்போம், நம் தப்புக்கு "சமஹானி" என்போம். இவர்களுக்கு இரண்டுக்கும் இந்த ஒரு சொல்தான். கல் தடுக்கி விழுந்தவனுக்கும் பெபானி, நீயே தள்ளிவிட்டாலும் பெபானி. நான் எஸ்நாத் முன்னால் குனிந்து "பெபானி" என்றேன். என் மனசில் அது சமஹானி. வந்த நானூறு பேரும் அதே சொல்லைச் சொல்லியிருக்க, அவள் காதில் அது இன்னொரு போலே. "நீங்க என்ன பண்ணுவீங்க அபூசா, உங்களுக்கும் பெபானி" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! நானும் சொல்லியாயிற்று, அவளும் ஏற்றுக்கொண்டாயிற்று என்று மனசு லேசாகிவிட்டது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. அந்தப் பெபானிக்குப் பிறகுதான் அன்று எல்லார் முன்னாலும் அவள் என்னைப் புகழ்ந்து பேசினாள். அதையும் கேட்டுக்கொண்டு, உனக்கும் எழுதினேன்.

லைசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது, ஒல்லி, யாரிடமும் அதிகம் பேசமாட்டான். மாவு மில் பக்கத்தில் தைல மரத்தடியில் சைக்கிள்காரர்கள் நிற்பார்கள். பின் இருக்கைக்கு அவன் பெண்டாட்டி பூப்போட்ட துணியில் மெத்தை தைத்துக் கொடுத்திருந்தாள். அந்த மெத்தைக்காகவே பெண்கள் அவன் வண்டியைத் தேடி ஏறுவார்கள். தியாமிகே இறந்த பிறகு ஒருவரும் ஏறவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ், "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று ஊர் தேட ஆரம்பித்தது. செயின் கழன்று நின்றான் என்றார்கள். பிறகு டீக்கடையில் நின்றான் என்றார்கள். பிறகு அங்கே சாராயம் குடித்தான் என்றார்கள். எஸ்நாத்தின் புருஷன் தென்னாப்பிரிக்காவிலிருந்து போன் போட்டு, நான் வந்து அவன் காலை உடைக்கிறேன் என்று கத்தினான். மரத்தடியில் மற்ற சைக்கிள்காரர்களே, "லைசன் வண்டியா? அது நேரா கல்லறைக்குத்தான் போகும்" என்று கிண்டல் செய்தார்கள்.

எஸ்நாத் அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் துக்கம் முடிந்ததிலிருந்து அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை, அதனால் அவன் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் லைசன் என் வீட்டுக்கு வந்தான். மூன்று முறை கூப்பிட விடாமல் முதல் முறையே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்றான். "நான் நிக்கவே இல்ல அபூசா. ஒரு எடத்துல கூட நிக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு நம்பும்" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் தலையில் கை வைத்து ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இந்தக் குற்றமற்றவனுக்கு நியாயம் செய்யும் என்று, கண்ணீரோடு. அவன் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போனான். நான் ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து செய்த ஜெபங்களில் இதைவிட அருவருப்பானது ஒன்று இல்லை. அதன் பிறகு ஈஸ்டர் பிரசங்கமும் செய்தேன். வாய் கூசவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அந்த மேய்ப்பன் சாட்சியை எழுதிய உன் கடிதம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு மில் வழியாக வந்தபோது லைசன் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தான். மெத்தையைக் கழற்றிவிட்டு வெறும் கம்பியில் செங்கல் கட்டியிருந்தான். ஆள் ஏறாவிட்டால் செங்கல்தானே ஏற்ற வேண்டும். என்னைப் பார்த்து முன்போலவே இரண்டு கையையும் சேர்த்துத் தட்டி வணக்கம் சொன்னான். நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எஸ்நாத் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். பழையபடி "பெபானி" என்றுதான் ஆரம்பித்தேன். "விடுங்க அபூசா, எத்தனை தடவை சொல்வீங்க" என்றாள். அன்று நான் வீட்டில் இருந்தேன் என்றேன். கை நின்றது. "எந்த வீட்ல?" என்றாள். என் வீட்டில், உள்ளே என்றேன். "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கா, அந்தக் கேள்வி ஒரு திறந்த கதவு. ஆமாம், தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் அன்றே மன்னித்திருப்பாள். அவள் கண்ணே அதைத்தான் எதிர்பார்த்தது. நான் இல்லை என்றேன். சப்பாத்தி தின்றுகொண்டிருந்தேன் என்றும், பங்கு கொடுக்க வேண்டுமே என்று சத்தம் காட்டவில்லை என்றும் சொன்னேன்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "என் குரல்னு தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன்.

கையில் இருந்த கதிரைக் கடைசி மணிவரை உதிர்த்து முடித்தாள். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருக்கலாம், அந்தக் கூடையை என் மேல் வீசியிருக்கலாம். அவள் வாய்க்கு ஊரே பயப்படும் என்று எழுதினேனே, அந்த வாய் திறக்கவில்லை. நான் அங்கேயே வெயிலில் நின்றுவிட்டு, ஊர்த்தலைவி நாச்சிசாலேயிடம் போனேன்.

நாச்சிசாலேக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கால்மிதித் தையல் மெஷினில் எதையோ தைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். முதலில் சிரித்துவிட்டாள். "ஏழு வருஷமா எங்க களி உங்களுக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும். நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு ரெண்டாந்தடவை வாங்கித் தின்னீங்களே, அதுலேயே தெரியும்" என்றாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எல்லாவற்றையும் அறிக்கை செய்கிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்கிறவன் மாதிரிதான் சொன்னேன் போலிருக்கிறது.

"கோயில்ல சொன்னா உங்களுக்கு நல்ல பேரு. அழுவீங்க, அவங்களும் அழுவாங்க, பாட்டுப் பாடி முடிச்சுருவீங்க" என்றாள். "லைசன் பேரைக் கெடுத்தது கோயில்லயா? ரோட்டுல. ஒவ்வொரு சைக்கிள் ஸ்டாண்டுலயும். அவன் வண்டியில பின்னால ஏறி உட்காருங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் போங்க. ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு எறங்கிச் சொல்லுங்க. கோயில்ல அப்புறம் சொல்லிக்கலாம்."

போன திங்கட்கிழமை போனோம். அதற்கு முன் லைசனிடம் தனியாகச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

நான் தொண்ணூறு கிலோ, உனக்குத் தெரியும். முதல் ஸ்டாண்டிலேயே, "என்னடா லைசன், இன்னிக்கு ரெண்டு மூட்டையை ஒண்ணா கட்டிட்டியா?" என்று சிரித்தார்கள். நான் இறங்கி, சகோதரர்களே, மனுஷனுடைய பலவீனமானது என்று ஆரம்பித்தேன். லைசன் ஹேண்டிலைப் பிடித்தபடியே, "சுத்தி வளைக்காதீங்க அபூசா, வெயில் ஏறுது" என்றான். அதனால் நேராகச் சொன்னேன். அன்று என் கார் கொட்டகையில் இருந்தது. நான் வீட்டில் இருந்தேன். அவள் கூப்பிட்டாள், எனக்குக் கேட்டது, சப்பாத்தியில் பங்கு கொடுக்க மனசில்லாமல் பதில் சொல்லவில்லை. லைசன் எங்கேயும் நிற்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது ஸ்டாண்டில் ஒருவன், சப்பாத்தி என்றால் என்ன என்று கேட்டான். இன்னொருவன், "அபூசாவுக்கு நம்ம பட்டினி தெரியாதுல்ல, அதான்" என்றான். மூன்றாவது இடத்தில் வாழைப்பழம் விற்கிற ஒரு பெண் என் கால் பக்கத்தில் காறித் துப்பினாள். செருப்பில் தெறித்ததைத் துடைக்கத் தோன்றவில்லை.

மேட்டுப் பாதையில் அவன் நின்றுகொண்டே மிதித்தான். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் இறங்கி நடக்கிறேன் என்றேன். "அவ எறங்கல. உட்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். அந்த மேட்டைக் காரில் மூன்று நிமிடத்தில் கடந்துவிடுவேன். இதுவரை அதை மேடு என்றே நான் நினைத்ததில்லை.

பாலம் தாண்டியதும் அவனாகவே பேசினான். அன்று எஸ்நாத் பிள்ளைக்குப் பாடிக்கொண்டே வந்தாளாம். பாலத்தின் மேல் பாட்டு நின்றுவிட்டது. "நிறுத்தட்டுமான்னு கேட்டேன். 'நிறுத்தாத, மிதி'ன்னா. நானும் மிதிச்சேன். அதுக்கப்புறம் நாலு கிலோமீட்டர். அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு அபூசா. எனக்கும் தெரிஞ்சுது." ஒரு குழியை ஒதுக்கி ஹேண்டிலை வளைத்தான். "நான் நின்னேன்னு ஊரு திட்டுது. நிக்காததுக்குத்தான் எனக்குத் தூக்கம் வரல. அவளை எறக்கி ஒரு மரத்தடியில உட்கார வெச்சிருக்கணும். எம்பாட்டுக்கு மிதிச்சுட்டே போயிட்டேன்."

அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன். அவன் நிறுத்தவில்லை. சுகாதார நிலைய வாசலில் இறக்கிவிட்டு, டயரை அமுக்கிப் பார்த்தான். அந்த நர்ஸைத் தேடிப் பிடித்து அவளிடமும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நாச்சிசாலே எல்லாரும் பார்க்க லைசன் வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போனாள். நேற்று மெத்தை மறுபடி ஏறியிருந்ததைப் பார்த்தேன். பெண்டாட்டி இன்னும் வரவில்லை. எஸ்நாத்தின் புருஷனுக்கு நானே போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். எஸ்நாத் கோயிலுக்கு வருவதில்லை. குழுவில் முதல் குரல் இல்லாமல் மற்றவர்கள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நான் பாட்டை எடுத்துக் கொடுப்பதில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை. என்னை இங்கே அனுப்பிய மிஷனரி சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். திரும்பி வா என்றால் வருவேன். இரு என்றால் இருப்பேன். இதில் எதை விரும்புகிறேன் என்று ஆண்டவரிடம்கூட நான் சொல்லவில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தையும் சபையில் வாசி. முழுக்க வாசி. சப்பாத்தி வருகிற இடத்தை விட்டுவிட்டு, தம்பிக்கு அன்று உடம்பு சரியில்லை என்று நீயாகச் சேர்ப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அப்படிச் செய்யாதே. எனக்காக ஜெபம் செய்யும்படி அவர்களைக் கேட்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளையின் பெயர் தியாமிகே. இரண்டு வயது நான்கு மாதம். அந்தத் தாயின் பெயர் எஸ்நாத். இந்த இரண்டு பெயரைச் சொல்லச் சொல், போதும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எனக்கு எழுதாதே, அக்கா. அதைச் சொல்ல வேண்டியவள் நீ இல்லை.

உன் வாசலில் யாருடைய குரல் கேட்டாலும், வாயில் இருப்பதை விழுங்குவதற்குக்கூட நிற்காமல் எழுந்து ஓடுகிற மனசை ஆண்டவர் உனக்கும், அத்தானுக்கும், உன் பிள்ளைகளுக்கும் தருவாராக.

உன் தம்பி,
முவாக்கியோ